ஒன்றா, இரண்டா, மூன்றா? - ஆர்க்கிட் பூக்கள் அறிஞர்களைக் குழப்பிய கதை

இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போனால் யார் மூத்தவன், யார் இளையவன் என்று விருந்தாளிக்குக் குழப்பம்தான். ஆனால் பெற்ற தாய்க்குக் குழப்பமே வராது. காதோரம் ஒரு மச்சம், சிரிக்கும்போது விழும் ஒரு குழி, இப்படி ஏதோ ஒரு சின்ன அடையாளம் அவளுக்குப் போதும். காட்டு ஆர்க்கிட் செடிகளிலும் இதே கதைதான். உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒன்று போலவே இருக்கும். இலையைப் பார்த்தாலும் உயரத்தைப் பார்த்தாலும் விடை கிடைக்காது. பூவுக்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடுதான் பதில் சொல்லும்.

அந்தச் சின்ன வேறுபாட்டைப் பார்க்கத் தவறியதால் இரண்டு சிற்றினங்களை ஒன்று என்றார்கள். வேறொரு இடத்தில் வேறுபாட்டை அளவுக்கு மீறி நம்பியதால் ஒரே செடிக்கு மூன்று பேரினப் பெயர்களைக் கொடுத்தார்கள். இந்த இரண்டு கதைகளிலும் நடுவில் வந்து நிற்பவர் ஒருவரே: சார்லஸ் டார்வின். அவருக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு பூவின் எந்த உறுப்பை எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது புரியும்.

முதலில் பூவைத் தெரிந்துகொள்வோம்

செம்பருத்திப் பூவைப் பள்ளியில் எல்லோரும் வெட்டிப் பார்த்திருப்போம். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று வரிசையாகப் பிரித்து நோட்டில் ஒட்டியிருப்போம். ஆர்க்கிட் பூவை அப்படி எளிதாகப் பிரிக்க முடியாது. அதில் புல்லி இதழ் மூன்று, அல்லி இதழ் மூன்று. மூன்று அல்லி இதழ்களில் ஒன்று மட்டும் உருமாறி, பூச்சி வந்து இறங்கும் திண்ணை போல முன்னால் நீண்டிருக்கும். இதை உதடு என்பார்கள். தாவரவியல் பாடப்புத்தகத்தில் லேபெல்லம்.

ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் தனித்தனியாக இல்லாமல் ஒன்றாக இணைந்து, பூவின் நடுவில் ஒரு தூண் போல நிற்கும். மகரந்தமும் பொடியாகப் பறக்காது. கட்டியாகத் திரண்டு, பெரும்பாலும் இரண்டு உருண்டைகளாக இருக்கும். இவற்றுக்குப் பொலினியம் என்று பெயர். நாம் பார்க்கப்போகும் ஆர்க்கிட்களில் ஒவ்வொரு திரளுக்கும் ஒரு சின்னக் காம்பு, காம்பின் அடியில் பசை தடவிய ஒரு வட்டத்தகடு. பூச்சி தேன் குடிக்க வரும்போது அந்தப் பசைத்தகடு அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பூச்சி பறக்கும்போது மகரந்தமும் கூடவே போய்விடும். அடுத்த பூவில் நுழையும்போது அந்தத் திரள் சூல்முடியில் போய் மோதும். அவ்வளவுதான், மகரந்தச் சேர்க்கை முடிந்தது.

பல ஆர்க்கிட்களில் உதட்டின் பின்பக்கம் ஒரு நீண்ட குழல் வால் போலத் தொங்கும். தேன் அதற்குள்தான் இருக்கும். இதை இங்கே தேன்வால் என்று சொல்வோம். உதடு, தூண், பசைத்தகடு, தேன்வால் ஆகிய நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

ஒன்று என்று எண்ணிய இரண்டு

ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் கோடையில் வெண்மையாகப் பூக்கும் ஓர் ஆர்க்கிட் உண்டு. ஆங்கிலேயர்கள் அதைப் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் என்று அழைத்தார்கள். 1753-இல் லின்னேயஸ் தன் புகழ்பெற்ற தாவரப் பட்டியலில் இதற்கு ஆர்கிஸ் பைஃபோலியா என்று பெயர் வைத்தார். பைஃபோலியா என்றால் இரண்டு இலை. செடியின் அடியில் இரண்டு பெரிய இலைகள் இருப்பதால் அந்தப் பெயர்.

1817-இல் ஃபிரெஞ்சுத் தாவரவியலாளர் லூயி குளோத் ரிஷார், பிளாட்டாந்தெரா என்ற புதிய பேரினத்தை உருவாக்கினார். பட்டாம்பூச்சி ஆர்க்கிட் இன்று இருப்பது அதில்தான். 1827-இல் கஸ்டர் என்பவர், இந்தச் செடிகளில் சில மற்றவற்றிலிருந்து வேறுபடுவதாகச் சொல்லி, அவற்றுக்குக் குளோராந்தா என்று தனிப்பெயர் கொடுத்தார். பச்சைப்பூ என்று பொருள். அதாவது பைஃபோலியாவின் பூ நல்ல வெள்ளை, குளோராந்தாவின் பூ சற்றே பச்சை கலந்த வெள்ளை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். குளோராந்தாவுக்கும் இரண்டு இலைதான்! ஆகவே இலை உதவாது. பச்சை கலந்த வெள்ளைக்கும் சுத்த வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் தெரியும். ஆகவே நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. பெரிய பட்டாம்பூச்சி ஆர்க்கிட், சிறிய பட்டாம்பூச்சி ஆர்க்கிட் என்று பேச்சுவழக்கில் பெயர் வைத்துக்கொண்டாலும், நல்ல மண்ணில் வளர்ந்த சிறியது, வறண்ட மண்ணில் வளர்ந்த பெரியதைவிட உயரமாக நிற்கும். பெயரே நம்மை ஏமாற்றிவிடும்.

இதனால் பலர் இவை இரண்டும் ஒரே சிற்றினத்தின் இரு வடிவங்கள்தான் என்று எண்ணினார்கள். அப்படி எண்ணியவர்களில் ஜார்ஜ் பெந்தாமும் ஒருவர். 1858-இல் வெளிவந்த அவருடைய பிரிட்டிஷ் தாவரக் கையேடு மிகவும் மதிக்கப்பட்ட நூல். சாதாரண ஆள் சொன்னால் தள்ளிவிடலாம். பெந்தாம் சொன்னால்?

பூச்சியின் கண்ணே சாட்சி

1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டுவிட்டு உலகமே வாக்குவாதம் செய்துகொண்டிருந்த நேரத்தில், டார்வின் கென்ட் பகுதியில் தன் வீட்டைச் சுற்றி இருந்த ஆர்க்கிட்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1862-இல் அதன் பலனாக ஒரு நூல் வந்தது: பிரிட்டனிலும் வெளிநாட்டிலும் உள்ள ஆர்க்கிட்கள் பூச்சிகளால் கருவுறும் பல்வேறு வழிமுறைகள் பற்றியது. அதில் பட்டாம்பூச்சி ஆர்க்கிட்களுக்கும் இடம் உண்டு. அந்தக் காலத்து வழக்கப்படி அவற்றை அவர் ஹபெனேரியா என்ற பேரினப் பெயரில் எழுதினார்.

டார்வின் பார்த்தது இலையையோ நிறத்தையோ அல்ல. மகரந்தத் திரள்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தார்.

குளோராந்தாவில் இரண்டு மகரந்தத் திரள்களும் மேலே நெருங்கி, கீழே விலகி, கவிழ்த்த "வி" எழுத்துப் போல நிற்கும். அடியில் உள்ள பசைத்தகடுகளுக்கு இடையே 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பைஃபோலியாவிலோ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இணைகோடு போல நிற்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

இதனால் என்ன? இந்தப் பூக்களைத் தேடி வருபவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். தேன்வாலுக்குள் உறிஞ்சுகுழலை விட அந்துப்பூச்சி தலையை உள்ளே நுழைக்க வேண்டும். குளோராந்தா பூவில் பசைத்தகடுகள் விலகி இருப்பதால் தலை இரண்டுக்கும் நடுவே போகும். தகடுகள் தலையின் இரு பக்கத்திலும், பெரும்பாலும் கண்களிலேயே, ஒட்டிக்கொள்ளும். பைஃபோலியாவில் தகடுகள் நெருங்கி இருப்பதால் உறிஞ்சுகுழலின் அடிப்பகுதியில் ஒட்டும். கண்ணில் மகரந்தம் ஒட்டிய அந்துப்பூச்சிகளைப் பூச்சி சேகரிப்பாளர்கள் பிடித்து அனுப்ப, டார்வின் அவற்றை நேரிலேயே பார்த்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கண்ணில் ஒட்டிய மகரந்தம், நடுவில் குறுகலாக இருக்கும் இன்னொரு பூவின் சூல்முடியில் சரியாகப் போய் மோதுமா? பெரும்பாலும் மோதாது. ஒரே அந்துப்பூச்சி இரண்டு வகைப் பூக்களுக்கும் போனாலும் மகரந்தம் எளிதில் கலக்காது. ஒரே பேருந்தில் இரண்டு பயணிகள் ஏறினாலும் இருக்கை வேறு, இறங்கும் இடமும் வேறு என்பது போல.

பெந்தாம் தரப்பின் வாதம், தகடுகளின் இடைவெளி நடுத்தரமாக உள்ள செடிகளும் கிடைக்கின்றன என்பது. டார்வின் அதை மறைக்கவில்லை. ஆனால் இடைவெளி ஒன்று மட்டுமல்ல, சூல்முடியின் வடிவம், பசைத்தகட்டின் வடிவம், தேன்வால், வளரும் இடம் என்று பலவற்றிலும் இவை வேறுபடுகின்றன என்று வரிசைப்படுத்தினார். ஒரே பேரினத்தில் உள்ள பெரும்பாலான சிற்றினங்கள் தங்களுக்குள் வேறுபடுவதைவிட இவை இரண்டும் அதிகமாகவே வேறுபடுகின்றன என்பது அவர் கருத்து. இவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியாக மாறுவது என்றாவது நிரூபிக்கப்பட்டால், தனக்கு வியப்போடு மகிழ்ச்சியும் உண்டாகும் என்றும் எழுதினார். ஏனென்றால் அது பரிணாமத்தை நேரில் பார்ப்பது போலத்தானே! தன் வாதம் தோற்றாலும் மகிழ்வேன் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும்.

மூன்று என்று எண்ணிய ஒன்று

அடுத்த கதை தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் நடக்கிறது. அங்கே மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட்கள் ஏராளம். அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குடிலில் வளர்ப்பது 19-ஆம் நூற்றாண்டுச் சீமான்களின் மோகமாக இருந்தது. வந்த செடிகளுக்குப் பெயர் வைப்பதில் முதன்மையானவர் ஜான் லிண்ட்லி. அவருடைய காலத்தில் ஆர்க்கிட் என்றால் லிண்ட்லி, லிண்ட்லி என்றால் ஆர்க்கிட்.

காட்டசேட்டம் என்று ஒரு பேரினம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஓரளவு நெருங்கிய, ஆனால் பூவில் நன்றாக வேறுபட்ட செடிகளை லிண்ட்லி இரண்டு புதிய பேரினங்களில் வைத்தார். ஒன்றின் உதடு தடித்து முக்காடு போலக் குவிந்திருக்கும், அது மோனகாந்தஸ். இன்னொன்றின் உதட்டில் தாடி போல இழைகள் இருக்கும்; அது மயாந்தஸ். பூவைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள். தப்பு என்று சொல்ல இடமே இல்லை.

அப்போது கயானாவைச் சுற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் ஸ்கோம்பர்க் என்பவரிடமிருந்து ஒரு செய்தி லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்துக்கு வந்தது. தனித்தனிப் பேரினங்கள் என்று சொல்லப்பட்ட இந்தப் பூக்கள் ஒரே செடியில் பூத்திருப்பதைக் கண்டதாகவும், மூன்றும் ஒன்றே என்றும் அவர் எழுதியிருந்தார். வெறும் பேச்சோடு நிற்காமல், பூக்களைச் சாராயத்தில் போட்டு ஆதாரமாக அனுப்பியும் வைத்தார். இந்தக் கட்டுரை 1837-இல் வெளியானது.

இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே மரத்தின் ஒரு கிளையில் மாங்காய், ஒரு கிளையில் புளியங்காய், ஒரு கிளையில் தேங்காய் காய்த்தால் எப்படி இருக்கும்? பேரினம், சிற்றினம் என்பவை நிலையானவை என்ற நம்பிக்கையையே இது அடியோடு ஆட்டுவதாக லிண்ட்லியே ஒப்புக்கொண்டார்.

ஸ்கோம்பர்க் இன்னொரு விஷயத்தையும் குறித்து வைத்திருந்தார். காட்டசேட்டம் டிரைடென்டேட்டம் என்ற செடிகளை அவர் நூற்றுக்கணக்கில் பார்த்தார். ஒன்றில்கூடக் காய் இல்லை. ஆனால் மோனகாந்தஸ் பூத்த செடிகளில் பெரிய பெரிய காய்கள் இருந்தன. அந்தக் குறிப்புக்குப் பின்னால் இருந்த விடை வெளிவர கால் நூற்றாண்டு ஆனது.

1862 ஏப்ரல் 3 அன்று லின்னேயன் சங்கத்தில் டார்வினின் கட்டுரை வாசிக்கப்பட்டது. காட்டசேட்டம் பூவின் சூலகத்தை அறுத்துப் பார்த்த அவர், அதில் உள்ள சூல்கள் வளர்ச்சியற்றுச் சுருங்கி இருப்பதைக் கண்டார். அது விதை தர முடியாத பூ. ஆகவே அது ஆண். ஸ்கோம்பர்க் அனுப்பிய சாராயப் புட்டியில் இருந்த மோனகாந்தஸ் பூவை வாங்கிப் பார்த்தபோது நிலைமை தலைகீழ்: சூல்கள் முழுமையாக இருந்தன, மகரந்தத் திரளோ உருப்படாத நிலை. அது பெண். அப்படியென்றால் மூன்றாவதான மயாந்தஸ்? அதில் ஆண் உறுப்பு, பெண் உறுப்பு இரண்டும் ஓரளவு சரியாக இருப்பதாகத் தெரிந்ததால் அது இருபாற்பூ என்று டார்வின் முடிவு செய்தார். பெரும்பாலான ஆர்க்கிட்களில் ஒரே பூவில் இரண்டு பாலும் உண்டு. ஆண் தனி, பெண் தனி என்று பூப்பதும், இரண்டும் இவ்வளவு வேறு உருவில் இருப்பதும் யாரும் எதிர்பார்க்காதது.

காட்டசேட்டம் ஆண் பூவுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். தூணிலிருந்து இரண்டு மீசைகள் நீண்டிருக்கும். பூச்சி அதைத் தொட்டவுடன் மகரந்தத் திரள் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போலப் பாயும். டார்வின் இதே பேரினத்தின் வேறொரு பூவை ஜன்னலிலிருந்து ஏறக்குறைய ஒரு கெஜத் தூரத்தில் பிடித்துக்கொண்டு மீசையைத் தொட, அது பாய்ந்து போய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதாம்!

டார்வினும் சறுக்கிய இடம்

கதை இங்கே முடிந்திருந்தால் டார்வின் புகழ் பாடும் இன்னொரு கதையாகப் போயிருக்கும். ஆனால் 1891-இல் கியூ தாவரப் பூங்காவைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் ரோல்ஃப், காட்டசேட்டம் பூக்களின் பால் வேறுபாடு பற்றிய ஒரு விரிவான கட்டுரையை அதே சங்கத்தின் இதழில் வெளியிட்டார். டார்வினின் முடிவில் மூன்றில் இரண்டு பங்கு சரி, ஒரு பங்கு தவறு என்று அது காட்டியது.

மயாந்தஸ் இருபாற்பூ அல்ல. அதுவும் ஆண் பூதான். ஆனால் வேறொரு காட்டசேட்டம் சிற்றினத்தின் ஆண். அப்படியானால் குழப்பம் எப்படி வந்தது? காட்டசேட்டம் பேரினத்தில் ஆண் பூக்கள் சிற்றினத்துக்குச் சிற்றினம் நன்றாக வேறுபடும். பெண் பூக்களோ, பல சிற்றினங்களில் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். இரண்டு வெவ்வேறு சிற்றினங்களின் பெண் பூக்களை மோனகாந்தஸ் என்ற ஒரே பெயரில் எல்லோரும் அழைத்துவந்ததுதான் சிக்கலின் வேர். ஆண்களைப் பார்த்து வேறு என்றவர்கள், பெண்களைப் பார்த்து ஒன்று என்றுவிட்டார்கள்.

பைஃபோலியா விஷயத்தில் பெந்தாமைத் திருத்திய டார்வின், இங்கே ரோல்ஃபால் திருத்தப்பட்டார். யார் சொன்னார் என்பதைவிடப் பூவுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கடைசியில் நின்றது.

கோவிந்துவின் பெயர்

இதே காலகட்டத்தில் சென்னை மாகாணத்திலும் ஆர்க்கிட்களைத் துல்லியமாக வரைந்து பதிவு செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களின் படத்தொகுதிகளைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களில் இருவர் பெயர் குறிப்பிடத்தக்கது: ரங்கையா, கோவிந்து. செடியின் முழுப்படத்தோடு நிற்காமல், உதடு, தூண், மகரந்தத் திரள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பெரிதாக்கி வரைந்தார்கள். ஒன்று போலிருக்கும் ஆர்க்கிட்களைப் பிரித்தறிய அந்தச் சின்னப் படங்களே துணை.

கோவிந்துவின் திறமையைப் பாராட்டும் விதமாக, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று வைட் பெயர் சூட்டினார். ஓர் இந்திய ஓவியருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த அரிய மரியாதை அது. ஆனால் அந்தச் செடி, லிண்ட்லி 1833-இலேயே பெயரிட்டிருந்த டிராபிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்று பின்னர் முடிவானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியலின் விதி. ஆகவே கோவிந்துவின் பெயர் வழக்கிலிருந்து போய், பழைய பெயர்களின் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது.

ஸ்வீடன் காடுகளில் ஒரு சோதனை

பட்டாம்பூச்சி ஆர்க்கிட்களுக்கு மீண்டும் வருவோம். டார்வின் சொன்னதை இருபதாம் நூற்றாண்டில் களத்தில் சோதித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் நில்சன். 1983-இல் லின்னேயன் சங்கத்தின் தாவரவியல் இதழில் வெளியான அவர் ஆய்வு, இரண்டு ஆர்க்கிட்களும் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன என்பதை விளக்கியது. மகரந்தம் ஒட்டும் இடம் கண், உறிஞ்சுகுழல் என்று மாறுவது உண்மைதான். அதோடு மணமும் வேறு, வந்து போகும் அந்துப்பூச்சிக் கூட்டமும் பெரும்பாலும் வேறு.

1988-இல் அவர் செய்த இன்னொரு சோதனை சுவையானது. பூக்களின் தேன்வாலைச் செயற்கையாகக் குட்டையாக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார். குட்டையாக்கிய பூக்களில் மகரந்தச் சேர்க்கை குறைந்தது. காரணம் எளிது. தேன் எட்டும் தூரத்தில் இருந்தால் அந்துப்பூச்சி தலையை முழுதாக நுழைக்காது. தலை நுழையாவிட்டால் பசைத்தகடு ஒட்டாது. ஆகவே தேன்வாலின் நீளம் வெறும் அலங்காரம் அல்ல, செடியின் வம்சமே அதில் தங்கியிருக்கிறது. ஒரு சிற்றினத்தை அடையாளம் காண நாம் அளக்கும் அதே உறுப்புகள்தான் அந்தச் சிற்றினத்தைத் தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கும் உறுப்புகளும்.

பிறகு மரபணு ஆய்வு வந்தது. 2012-இல் ரிச்சர்ட் பேட்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த இரண்டுக்கும் உருவத்தில் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிட்டால் மரபணு வேறுபாடு மிகவும் குறைவு. அதாவது இவை பரிணாமக் கணக்கில் சமீபத்தில்தான் பிரிந்திருக்கின்றன. பெந்தாமுக்கு ஏன் இரண்டும் ஒன்றாகத் தோன்றின என்பதற்கு இதில் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது.

அந்த நடுத்தரச் செடிகள்? 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அவற்றையே எடுத்து ஆராய்ந்தார்கள். தூணின் அமைப்பு இரண்டுக்கும் இடைப்பட்டதாக உள்ள செடிகள் பல இடங்களில் வெறும் கலப்பினங்கள் அல்ல, மூன்றாவது தனிக்குழு என்ற முடிவை அவர்கள் முன்வைத்தார்கள். ஒன்று என்றார் பெந்தாம், இரண்டு என்றார் டார்வின். இப்போது மூன்று என்கிறார்கள்!

தீவில் ஒளிந்திருந்த பூ

இதெல்லாம் அறிஞர்களின் பெயர் விளையாட்டு, இதனால் செடிக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்கலாம். அதற்குப் பதில் அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் இருக்கிறது.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான இந்த ஒன்பது தீவுகளிலும் பட்டாம்பூச்சி ஆர்க்கிட்களின் உறவுச் செடிகள் உண்டு. பூ சிறியது, பச்சை நிறம். 1838-இல் கார்ல் ஹோக்ஸ்டெட்டர் அங்கிருந்து செடிகளைச் சேகரித்துச் சென்றார். அதன்பின் ஒன்றா இரண்டா என்று கருத்துகள் மாறிக்கொண்டே இருந்தன. பெயர்களும் ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றின்மேல் ஏறிக் குழம்பிப்போயின.

2011-இல் சாவோ ஜோர்ஜ் தீவின் எரிமலை முகட்டில், மற்றவற்றைவிடப் பெரிய பூக்கள் கொண்ட செடிகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். பூவின் அளவு, உதட்டின் வடிவம், தேன்வாலின் நீளம், மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: தீவுகளில் இருப்பது ஒன்றல்ல, மூன்று சிற்றினங்கள். முகட்டில் கண்டதுதான் பிளாட்டாந்தெரா அசோரிகா. ஹோக்ஸ்டெட்டர் சேகரித்த பழைய உலர்செடிகளிலேயே அது இருந்திருக்கிறது. 173 ஆண்டுகள் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. ஐரோப்பாவிலேயே மிக அரிய ஆர்க்கிட் இதுவாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மற்ற செடிகளோடு சேர்த்து எண்ணியவரை, இதை யாரும் அரிது என்று நினைக்கவில்லை. பரவலாக வளரும் ஒரு செடியின் கணக்கில் இதுவும் சேர்ந்துவிட்டது. அந்த முகட்டை மேய்ச்சலுக்காக வெட்டித் திருத்தியிருந்தால் ஒரு சிற்றினம் உலகத்திலிருந்தே போயிருக்கும், போனது யாருக்கும் தெரிந்தும் இருக்காது. தனிப்பெயர் கிடைத்த பிறகுதான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சுக்கே இடம் வந்தது.

அதற்காக எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போகவும் முடியாது. பெண் தேனீயைப் போலப் பூத்து ஆண் தேனீயை ஏமாற்றும் ஓஃப்ரிஸ் என்ற பேரினத்தில், 2006-இல் வந்த ஒரு நூல் 250 சிற்றினங்கள் வரை எண்ணியது. அடுத்த ஆண்டே வந்த இன்னொரு நூல் 19 என்றது. செடிகள் அதே செடிகள்தான், எண்ணுபவர்கள்தான் வேறு! உதட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் வைத்தால், காப்பாற்ற வேண்டியது எது என்பதே தெரியாமல் போய்விடும்.

பார்க்க வேண்டிய முறை

இந்த வரலாற்றிலிருந்து சில நடைமுறைப் பாடங்கள் கிடைக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹபெனேரியா போன்ற காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க நேரும் மாணவர்களுக்கும் இவை உதவும்.

1. உயரம், இலை, நிறம் ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மண்ணும் வெயிலும் மழையும் அவற்றை மாற்றும்.

2. பூவை நேர் எதிரே இருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். நேர் எதிரே பார்த்தால் தூணும் மகரந்தத் திரள்களின் இடைவெளியும் உதட்டின் பிரிவுகளும் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் தேன்வாலின் நீளமும் வளைவும் தெரியும். நம் மலைகளில் வளரும் ஹபெனேரியா லாஞ்சிகார்னிகுலேட்டா பெயரிலேயே நீண்ட கொம்பைச் சுமந்திருப்பது இதனால்தான்.

3. ஒரு பூவை வைத்து முடிவு சொல்லாமல், ஒரே இடத்தில் உள்ள பல செடிகளைப் பார்க்க வேண்டும். நடுத்தரமான ஒன்று கிடைத்தால் அதையும் மறைக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. ஒரு வேறுபாடு தெரிந்தால், அது பூவின் வேலையில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்று கேட்க வேண்டும். மகரந்தம் ஒட்டும் இடத்தை மாற்றும் ஒரு மில்லிமீட்டர், எதையும் மாற்றாத பத்துப் புள்ளிகளைவிட முக்கியம்.

5. பூவைப் பறிக்கக் கூடாது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. அது முளைக்க மண்ணில் உள்ள பூஞ்சையின் துணை வேண்டும். முளைத்துப் பூக்கும் நிலைக்கு வரப் பல சிற்றினங்களுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். நம் கையில் இருக்கும் ஒரு பூ, அந்தச் செடியின் பல வருட உழைப்பு.

பெந்தாம், லிண்ட்லி, டார்வின் யாரும் கவனமில்லாதவர்கள் அல்ல. அவர்கள் காலத்தின் மிகக் கூர்மையான கண்கள் அவர்களுடையவை. ஆனாலும் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு உதவியவை, கயானாவிலிருந்து வந்த ஒரு சாராயப் புட்டியும், கண்ணில் மகரந்தம் ஒட்டிய சில அந்துப்பூச்சிகளும், அலமாரியில் கிடந்த சில உலர்செடிகளும்தான். யாரோ ஒருவர் அவற்றைத் தூக்கி எறியாமல், எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி வைத்திருந்தார். அடுத்து வந்தவர் அதை எடுத்து மறுபடி பார்த்தார்.